கொல்லாப் பட்டும் எண்ணப்படாத முட்டைகளும்

ஐதராபாத்தின் கிழக்கு வாயில் உப்பல். போச்சம்பள்ளிக்குச் சேலை எடுக்கச் செல்வோர் வாரங்கல் நெடுஞ்சாலையைப் பிடிப்பது இங்கேதான். 1951 ஏப்ரலில் வினோபா பாவேயின் பூதான இயக்கம் பிறந்த ஊர் போச்சம்பள்ளி; இன்று இக்கத் நெசவால் அறியப்படும் ஊர். அதே உப்பலின் உள்வட்டச் சாலையில் மரபணு ரேகைப்பதிவு மற்றும் நோயறிதல் மையம் இருக்கிறது. சி.டி.எஃப்.டி. என்றால்தான் பலருக்கும் தெரியும். அந்நிறுவனம் இவ்வளாகத்துக்கு வருவதற்கு முன்பே, பட்டுப்பூச்சியின் மரபியலை அங்கே பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் ஜே. நாகராஜு, 2012இன் இறுதி நாளில் மறைந்தார். பட்டு உடுத்துவோரும் பட்டுப்பூச்சியைப் படிப்போரும் ஒரே சந்திப்பைக் கடக்கிறார்கள். ஒருவர் அறிந்தது மற்றவரைச் சென்றடைவதில்லை. ‘அகிம்சைப் பட்டு’ என்ற சொல் செழித்து வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்.

சொல்லின் வரலாறும் இதே நகரத்தைச் சேர்ந்தது. 1990ஐ ஒட்டி, அன்றைய குடியரசுத் தலைவர் ரா. வெங்கட்ராமனின் மனைவி ஜானகி வெங்கட்ராமன், புழுவைக் கொல்லாமல் பட்டு நெய்ய இயலாதா என்று கேட்டார். ஆந்திர அரசின் கைத்தறிப் பணியில் இருந்த குசும ராஜையா அக்கேள்வியைப் பற்றிக்கொண்டு, பூச்சி வெளியேறிய பிறகு எஞ்சும் கூட்டிலிருந்து நூல் நூற்று, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தமிழ்நாட்டில் இக்கேள்வி இன்னும் பழையது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டைத் தவிர்க்கும்படி பெண்களைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டது ஊரறிந்த செய்தி. அதுவும் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரின் மடத்திலிருந்து. கேட்டவர்களின் இரக்கத்திலோ, விடை தேடியவரின் உழைப்பிலோ பழுது காண இடமில்லை. அவ்விடை வணிக அட்டையாக மாறிய பின் அதில் அச்சாகும் வாக்கியமே வழக்குக்குரியது. ‘பூச்சி தன் வாழ்வை முழுமையாக வாழ்ந்து, சுதந்திரமாகப் பறந்து சென்ற பின் எடுத்த பட்டு’ என்ற பொருளில் அந்த அட்டைகள் பேசுகின்றன. இந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லும் உயிரியல் அளவில் பொய்.

பறந்து செல்வதிலிருந்தே தொடங்கலாம். மல்பெரிப் பட்டுப்பூச்சி, அதாவது பாம்பிக்ஸ் மோரி, ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுகளாக மனிதக் கையில் வளர்ந்தது. சிறகு உண்டு, பறக்கும் ஆற்றல் இல்லை. ஆண் பூச்சி சிறகை அடித்துக்கொண்டே தட்டின் மேல் வட்டமிடும், அவ்வளவே. வாய் உறுப்புகள் குன்றிப்போனவை. உணவும் இல்லை, நீரும் இல்லை. புழுவாக இருந்தபோது தின்ற இலையின் சேமிப்பே அதன் மொத்த ஆயுள். ஒரு வாரம், மிஞ்சினால் சில நாள்கள் கூடுதல். கூட்டைத் துளைத்து வந்ததைத் தோட்டத்தில் விட்டால் எறும்புக்கும் காகத்துக்கும் இரையாகும். ‘சுதந்திரம்’ என்று அட்டை சொல்வது இதைத்தான்.

ஆனால் முக்கியமான பொய் ‘முழு வாழ்வு’ என்பதில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள, வளர்ந்த அந்துப்பூச்சி எவ்வாறு இனப்பெருக்கத்துக்கு முதிர்கிறது என்பதை அறிய வேண்டும். பள்ளிப் பாடம் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறது. முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி என்று நான்கு படம் வரைந்து அம்புக்குறி போட்டதோடு பாடம் முடிகிறது. ஹார்மோன்கள் என்றால் தோலுரிப்புக்கு எக்டைசோன், புழு புழுவாகவே இருப்பதற்கு இளம்பருவ ஹார்மோன். வளர்ந்த பூச்சியின் உடலில் அவற்றுக்கு என்ன வேலை என்ற கேள்வியே எழுவதில்லை.

அந்துப்பூச்சிகளில் இரு வகைப் பிழைப்பு உண்டு. பருத்திக் காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி போன்றவை கூட்டை விட்டு வரும்போது முதிராதவை. பூந்தேனைக் குடிக்க வேண்டும். தலையில் மூளைக்குப் பின்னால் இருக்கும் கார்ப்போரா அல்லாட்டா என்ற சிறு சுரப்பிகள் இளம்பருவ ஹார்மோனைச் சுரக்க வேண்டும். அதன் தூண்டலில் கரு உணவுப் புரதம் உருவாகி முட்டைகளுக்குள் சேர வேண்டும். வெளிவந்த பின் சில நாள்கள் கழித்தே அவை தாயாகத் தகுதி பெறுகின்றன. சில படைப்புழு இனங்களில், தொலைதூரம் வலசை போவதும் முட்டை முதிர்வதும் இதே ஹார்மோனின் ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தவை. இத்தகைய பூச்சிக்கு ‘வளர்ந்த பருவ வாழ்வு’ என்ற ஒன்று மெய்யாகவே உண்டு.

(இளம்பருவ ஹார்மோன் என்ற பெயரே ஒரு வேடிக்கை. 1956இல் கரோல் வில்லியம்ஸ் அதை முதன்முதலில் சாறாகப் பிரித்தெடுத்தது செக்ரோப்பியா என்ற பெரும்பட்டு அந்துப்பூச்சியிலிருந்து. எந்தப் பருவத்தில் என்று கேட்டால், நன்கு வளர்ந்த ஆண்பூச்சியின் வயிற்றில்! முதுமையின் வாசலில் நிற்பதன் உடலில் இளமையின் திரவம் குவிந்து கிடந்தது. 1967இல் ஹெர்பர்ட் ரோலர் குழு அதன் வேதி அமைப்பைக் கண்டதும் அதே பூச்சியிலிருந்துதான். பெயர் மட்டும் மாறவில்லை.)

மல்பெரிப் பட்டுப்பூச்சியின் வழி வேறு. அது தின்பதில்லை, எனவே காத்திருக்கவும் இயலாது. கூட்டைக் கட்டி முடித்து, உள்ளே கூட்டுப்புழுவாக உருமாறும்போதே எக்டைசோன் குடும்ப ஹார்மோன் பெருகி, சூலகத்தை விழிக்கச் செய்கிறது. கொழுப்புத் திசுவில் உருவாகும் கரு உணவுப் புரதம் முட்டைகளில் நிறைகிறது. பின்னர் அதே ஹார்மோனின் அளவு சரியத் தொடங்குகிறது. அந்தச் சரிவே முட்டையோடு உருவாவதற்கான அறிகுறி. இளம்பருவ ஹார்மோன் இதில் ஏறக்குறைய இல்லை. கார்ப்போரா அல்லாட்டாவை அகற்றிவிட்டாலும் முட்டை முதிர்ச்சி நிற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு நாள்களில், இருட்டுக் கூட்டுக்குள், எல்லாம் முடிந்துவிடுகிறது. வெளிவரும் பெண்பூச்சியின் வயிறு ஏற்கெனவே ஓடு கட்டிய நானூறு, ஐந்நூறு முட்டைகளால் புடைத்திருக்கும்.

இதற்கு மேலும் ஒரு நுட்பம் உண்டு. அம்முட்டைகள் இட்டவுடன் வளருமா, உறக்கநிலைக்குச் செல்லுமா என்பதும் கூட்டுக்குள்ளேயே தீர்மானமாகிவிடுகிறது. உணவுக்குழலுக்குக் கீழுள்ள நரம்புமுடிச்சிலிருந்து தாய் சுரக்கும் ஒரு ஹார்மோனே அதைத் தீர்மானிக்கிறது என்பதை 1951இல் ஃபுகுடா, ஹசெகாவா என்ற இரு ஜப்பானிய ஆய்வாளர்கள் தனித்தனியே காட்டினர். ஆண்டுக்கு இரு தலைமுறை காணும் இனங்களில், தாய் தானே முட்டையாக இருந்த காலத்தில் பட்ட வெப்பமும் ஒளியும் அந்தச் சுரப்பை நிர்ணயிக்கின்றன; பாட்டி இட்ட முட்டையின் மீது விழுந்த வெயில் பேரக்குழந்தையின் உறக்கத்தை முடிவு செய்கிறது. 1990களின் தொடக்கத்தில் இன்னொன்றும் தெரியவந்தது. அந்த உறக்க ஹார்மோனும், பெண்பூச்சி ஆணை அழைக்கும் மணத்தைச் சுரக்கத் தூண்டும் நரம்பு ஹார்மோனும் ஒரே மரபணுவின் விளைவுகள். தன் பிள்ளைகள் உறங்க வேண்டுமா என்பதற்கும், தன் துணை வர வேண்டும் என்பதற்கும் ஒரே ஏட்டிலிருந்து படிக்கிறது அந்த உடல்.

ஆக, கூட்டை விட்டு வெளிவருவது ஒரு புதிய வாழ்வின் தொடக்கம் என்று எண்ணுவது மனிதக் கற்பனை. பூச்சி கோகூனேஸ் என்ற நொதியை உமிழ்ந்து கூட்டின் பசையைக் கரைத்து, இழைகளை விலக்கிக்கொண்டு வருகிறது. சற்று நேரத்தில் பெண் வயிற்று நுனிச் சுரப்பியை நீட்டி பாம்பிக்கால் என்ற மணத்தை விடுகிறது. ஆண் சிறகடித்து வருகிறது. சில மணி நேரம் இணை, அன்றிரவே முட்டை, பிறகு மரணம். அதன் வளர்ந்த பருவம் முழுவதும் இந்த ஒரு செயலுக்காக அமைந்தது. கூட்டைத் திறந்துவிட்டவர் திறந்துவிட்டது நானூறு முட்டைகளை.

அம்முட்டைகள் எங்கே போயின?

எந்த அட்டையிலும் இதற்கு விடை இல்லை. கணக்கோ எளிது. பட்டு வளர்ப்போர் நூறு முட்டைத் தொகுதி என்ற அலகில் பேசுவார்கள். ஒரு தாய் இட்ட முட்டைகள் ஒரு தொகுதி. நூறு தொகுதியில் குறைந்தது நாற்பதாயிரம் புழுக்கள். அவற்றை வளர்க்க ஏறத்தாழ ஒரு டன் மல்பெரி இலை. நோயிலும் சேதத்திலும் கால் பங்கு போனாலும் முப்பதாயிரம் பூச்சிகள் வெளிவரும், பாதி பெண். பதினைந்தாயிரம் தாய்கள், தலைக்கு நானூறு என்றால் அறுபது லட்சம் முட்டைகள். அவற்றுக்கு நூற்றைம்பது டன் இலை. அவையும் ‘முழு வாழ்வு’ வாழ வேண்டுமென்றால், அடுத்த தலைமுறைக்கு இருபத்திரண்டாயிரம் டன்னுக்கு மேல். உறங்காத பல தலைமுறை இனங்களில் முட்டை பத்து நாள்களில் பொரியும். இடையில் மூச்சுவிட நேரமில்லை. போச்சம்பள்ளிக்குப் போகும் வழியெல்லாம் மல்பெரி நட்டாலும் நான்காம் தலைமுறைக்குக் காணாது.

எனவே முட்டைகள் அழிக்கப்படுகின்றன, அல்லது பொரிந்த புழுக்கள் இலையின்றிச் சாகின்றன. வேறு வழி கணிதத்தில் இல்லை. வெந்நீராவியில் ஓர் உயிர் இறந்த இடத்தில், இங்கே நூற்றுக்கணக்கான உயிர்கள் பட்டினியில் இறக்கின்றன. முன்னதைக் கண் காண்கிறது. பின்னதை, கடுகை விடச் சிறியதாக இருப்பதால், கண் காண்பதில்லை. காணாததற்குப் பெயர் அகிம்சையா?

முட்டைக்குள் இருப்பதை உயிரென்று எண்ண வேண்டியதில்லை என்பார் சிலர். ஏற்கலாம். ஆனால் கூட்டுக்குள் இருப்பதை உயிரென்று எண்ணுபவர், பத்து நாளில் பொரியும் முட்டையை மட்டும் விலக்குவதற்கு என்ன நியாயம் சொல்வார்? இன்னும் சிலர் ஆண், பெண் கூடுகளைப் பிரித்து வைத்தால் இணை சேராது, முட்டை பொரியாது, சிக்கல் தீர்ந்தது என்பர். தீரும்தான். ஆனால் வாயில்லாத, பறக்க முடியாத, இணைசேர்வதற்காகவே ஹார்மோன்கள் செதுக்கிய உடலை அந்த ஒன்றிலிருந்தும் தடுத்துவிட்டு, ‘முழுமையாக வாழ்ந்த பூச்சி’ என்று எழுத எந்தக் கை துணியும்? இணைய விட்டால் பிள்ளைகளின் சாவு. தடுத்தால் வாழ்வே இல்லை. இந்த இரட்டைக் கிடுக்கியிலிருந்து அட்டை எழுதுவோர் தப்பியிருப்பது, வாங்குவோர் அந்துப்பூச்சியின் உடலியலை அறியாததால் மட்டுமே.

தாயின் கதை இன்னும் மறைவானது. பட்டு வளர்ப்போர் முட்டையைத் தம் விருப்பம்போல் எடுப்பதில்லை; பட்டு முட்டை வித்தகங்களில் இருந்து வாங்குகிறார்கள். பெப்ரைன் என்ற நோய் தாயிடமிருந்து முட்டை வழியே பிள்ளைக்குப் பரவுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சின் பட்டுத் தொழிலையே அது சாய்த்தது. 1865இல் அங்கே அனுப்பப்பட்ட லூயி பாஸ்டர் கண்ட தீர்வு எளியது, கொடியது. முட்டையிட்ட தாயைக் கல்வத்தில் இட்டு அரைத்து, அந்தச் சாற்றை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். நோய்வித்து இருந்தால் அவளது முட்டைகளைத் தள்ளிவிட வேண்டும். அம்முறையே இன்றும் இந்திய வித்தகங்களின் அடிப்படை. ‘நோயற்ற முட்டைத் தொகுதி’ என்ற சொல்லுக்குப் பின்னால் அரைபட்ட தாய்கள் இருக்கிறார்கள். வித்தக முட்டையில் தொடங்கும் எந்தப் பட்டும், அகிம்சை அட்டை தாங்கியதானாலும், அந்தக் கல்வத்தைத் தாண்டி வந்ததே. கல்வத்தைத் தவிர்த்தால் நோய் பரவி, புழுக்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும்.

தொழில் அறிந்தோர் நகைக்கும் செய்தி ஒன்று மிச்சம் இருக்கிறது. துளைத்த கூட்டிலிருந்து நூற்பது புதியதன்று. விதைக்காகப் பூச்சியை வெளிவர விட்ட வித்தகங்களில் குவியும் துளைத்த கூடுகளை நெடுங்காலமாகவே நூற்று, மட்கா என்ற முரட்டு நூலாக்கி விற்கிறார்கள். விலை குறைந்த சரக்கு அது. துளைத்த கூடு துளைத்த கூடுதான். அதன் பூச்சி தோட்டத்தில் செத்ததா, கல்வத்தில் செத்ததா என்று இழையைத் தொட்டு எவரும் சொல்ல முடியாது. மத்திய பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த சில்க் மார்க் முத்திரையும் இழை தூய பட்டா என்பதற்கு மட்டுமே சான்று. பூச்சியின் கதி அதன் விசாரணையில் இல்லை. மட்காவை எடுத்து அகிம்சை என்று அட்டை கட்டினால், தடுக்கும் கண் எங்கே இருக்கிறது?

எரிப் பட்டைக் காட்டி வாதிடுவோருக்கு ஓரளவு இடம் கொடுக்கலாம். ஆமணக்கு இலை தின்னும் அப்பூச்சியின் கூடு ஒரு முனையில் இயல்பாகவே திறந்தது; ஒரே இழையாக இழுக்க வராது, எப்படியும் நூற்கத்தான் வேண்டும். கொல்வதற்கான தொழில் கட்டாயம் அங்கே குறைவு என்பது உண்மை. ஆயினும் அசாமில் எரியின் கூட்டுப்புழு விருப்பமான உணவு; கூடு உடைமையாவதற்கு முன்பே புழு சமையலறைக்குப் போய்விடுகிறது. அதில் இழிவேதும் இல்லை. அங்கே எவரும் அதை மறைப்பதும் இல்லை. எரியின் தாயும் நூற்றுக்கணக்கில் முட்டையிடுபவளே என்பதால் முட்டைக் கணக்கு அங்கும் தொடரும்.

‘ஆய்வகங்கள் மட்டும் கொல்லவில்லையா’ என்ற எதிர்க்கேள்வி வரும். கொன்றன. 1954இல் அடோல்ஃப் புட்டெனாண்டும் பீட்டர் கார்ல்சனும் 25 மில்லிகிராம் எக்டைசோன் படிகத்தைப் பெற 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களை அரைத்தனர். 1959இல் பாம்பிக்காலைப் பிரிக்க ஐந்து லட்சம் பெண்பூச்சிகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. ஒரு பூச்சியின் காதல் மணத்தை அறிய அத்தனை பெண்பூச்சிகளைக் கொன்ற கணக்கு எவரையும் உறுத்த வேண்டும். ஆனால் அந்த எண் ஆய்வுக் கட்டுரையில் அச்சிடப்பட்டது; அதனால்தான் இன்று அதைக் குற்றமாகச் சுட்டவும் முடிகிறது. கொன்றதைக் கொன்றோம் என்று எழுதியவர்களோடு வாதாடலாம். கொல்லவில்லை என்று எழுதி, கூடுதல் விலையும் பெறுவோரிடம் வாதாடத் தொடங்கும் முன்பே எண்களைக் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது.

அந்த விலையைக் கொடுப்போர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். ஆடம்பரத்துக்காக வாங்குவோர் சிலர். பலர் உண்மையாகவே மனம் நொந்தவர்கள்: மகள் திருமணத்தில் பட்டில்லாமல் முடியாது என்ற உறவினர் வற்புறுத்தலுக்கும், ஓர் உயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்ற தம் நோன்புக்கும் நடுவில் சிக்கியவர்கள். சமணர்கள், வைணவர்கள், வள்ளலார் வழியினர். அவர்களுக்கு விற்கப்படுவது துணியன்று, மன அமைதி. பொய்ச் சரக்குகளில் இதைவிடக் கொடியது இல்லை. சுடுநீர்த் தொட்டியின் முன் விரல் வெந்து நூல் இழுக்கும் பெண் ‘கொலைப் பட்டு’ செய்பவளாகவும், துளைத்த கூட்டை விற்பவர் கருணையாளராகவும் அடுக்கப்படுவது அதன் கிளைப் பொய்.

கேட்கப்படுவது பெரிதொன்றும் இல்லை. அகிம்சை, கருணை, அமைதி என்ற சொற்களை நீக்கிவிட்டு ‘துளைத்த கூட்டுப் பட்டு’ என்று எழுதட்டும், அது உண்மை. எந்த இனப் பூச்சி, முட்டை எந்த வித்தகத்திலிருந்து வந்தது, வெளிவந்த பூச்சிகள் இட்ட முட்டைகளை என்ன செய்தார்கள் என்று மூன்று வரி சேர்க்கட்டும். இந்த உடலியலை அறிந்த ஆய்வாளர்கள் ஆங்கில ஆய்விதழ்களோடு நின்றுவிடாமல், தெலுங்கிலும் தமிழிலும் கன்னடத்திலும், பட்டு வாங்குவோர் படிக்கும் இடங்களில் எழுதட்டும். எவ்வுயிரையும் கொல்லாத சேலைதான் வேண்டும் என்போருக்குப் போச்சம்பள்ளித் தறிகளில் பட்டைப் போலவே பருத்தியிலும் இக்கத் நெய்கிறார்கள். அதற்கும் பூச்சிமருந்துக் கணக்கு உண்டு. அதைத் தனியே விசாரிக்கலாம்.

அதுவரை, ‘பூச்சி பறந்துவிட்டது’ என்று சொல்லும் கடைக்காரரிடம், அன்றிரவு தட்டில் விரித்த தாளில் ஒட்டியிருந்த முட்டைகளை மறுநாள் காலை யார் எடுத்தார்கள், எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டுவிட்டு, சேலையைப் பிரித்துப் பார்க்கட்டும்.